வெயில் படாத வயிறு

நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று என் மாமியாரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "வெயில்ல எங்கனயும் போயிட்டு வந்தியா?" என்பதுதான்.

அப்போது நான் கம்பத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குத் திராட்சைத் தோட்டங்களின் ஓரமாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். தினமும் வெயிலில்தான் போய்வந்தேன். அது அவருக்கும் தெரியும். "இனிமே வேணாம். லெட்டர் எழுதிக் குடுத்துரு" என்றார். மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் கருப்பு. பெண் பார்க்க வந்த அன்று, ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் என்னைப் பார்த்த மாமியார், நம்பிக்கை வராமல் வாசலுக்கு வரச் சொல்லி மறுபடியும் பார்த்தார். கடைசியில், "முகக்களை இருக்கு" என்றார். கருப்பாகப் பிறந்தவளுக்கு எங்கள் பக்கம் கிடைக்கிற உச்சபட்ச மதிப்பெண் அது. என் கணவர் நல்ல சிவப்பு. பிறக்கப்போவது எந்தப் பக்கம் சாயும் என்பது கல்யாணத்தன்றே பந்தியில் பேசப்பட்டது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து மொட்டை மாடிக்குப் போகத் தடை வந்தது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிய கான்கிரீட் வீடு அது. வெயில் வரக்கூடிய ஒரே ஜன்னல் என் அறையில் மேற்கே இருந்தது. நாற்றுக்குப் போடும் பச்சை நிழல்வலையைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து, இரண்டாக மடித்து அதில் ஆணி அடித்தார் என் கணவர். அதன்பிறகு பகலில் அந்த அறை குளத்துக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. காலையும் மாலையும் குங்குமப்பூ போட்ட பால். கருப்பட்டி கூடாது, நாவல்பழம் கூடாது. வீட்டுக்குப் பின்னால் ஏக்கர் கணக்கில் பன்னீர்த் திராட்சை தொங்கியது. அதுவும் கருப்பு என்பதால் கூடாது.

இதையெல்லாம் யாரோ என்மேல் திணித்ததாக எழுதினால் அது பொய். எனக்கும் அந்த ஆசை இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா நாடகத்தில் ஐந்து வருடம் என்னை ராட்சசியாகவே நிற்க வைத்தார்கள். என் பிள்ளையாவது தேவதையாக நிற்கட்டும் என்று நானே நினைத்துக்கொண்டேன். துணி எடுக்க ஒருநாள் மாடிக்கு ஓடியபோது, வெயில் தொட்ட கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இறங்கியவள் நான்தான்.

ஆறாம் மாதத்தில் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. சதை வலி அல்ல, எலும்புக்குள் யாரோ விரலை விட்டு அழுத்துவதுபோல். தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியவில்லை. ராத்திரி கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். அத்தையிடம் சொன்னேன்.

"புள்ளத்தாச்சின்னா வலிக்கத்தான் செய்யும். நாங்கெல்லாம் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டா திரிஞ்சோம்?"

ஊருக்கு வரும் கிராம நர்ஸ் மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அத்தை வாங்கி வைத்துக்கொண்டார். "இதத் தின்னா புள்ள மண்டை பெருத்துரும். அப்பறம் ஆப்பரேஷன்லதான் கொண்டுபோய் விடும்" என்றார். அடுத்த மாதம் அந்த நர்ஸ் வந்து, "கால்சியம் சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அத்தை பக்கத்திலேயே நின்றார். "சாப்பிட்டேன் சிஸ்டர்" என்றேன். என்ன நிம்மதியாகச் சொன்னேன் என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு அம்மா இல்லை. நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அப்பா மட்டும் இருக்கும் வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு எப்படி அனுப்புவது என்று, வளைகாப்பு முடிந்தும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஆடி பிறந்து ஐந்தாம் நாள், கம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. அத்தை துணியை விலக்கி முகத்தைப் பார்க்கவில்லை; காது மடலைத்தான் முதலில் பார்த்தார். பிறந்த குழந்தையின் உண்மையான நிறம் காது நுனியில் தெரியும் என்பார்கள். பார்த்துவிட்டுத் துணியை இழுத்து மூடி, குழந்தையை என் பக்கத்தில் வைத்தார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஆடிக்காற்று கேரளத்துப் பக்கமிருந்து மலையைத் தாண்டி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று, அந்த ஜன்னலின் கதவையும் சாத்திவிட்டார்கள். அறைக்குள் சாம்பிராணிப் புகையும், பால் கட்டிய என் ஜாக்கெட்டின் நாற்றமும், உளுந்தங்களியில் ஊற்றிய நல்லெண்ணெய் வாசனையும் கலந்து நின்றன.

குழந்தையைக் குளிப்பாட்ட ஊரில் ஒரு அம்மா உண்டு. எல்லாரும் அவரை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது வயது இருக்கும். ஊரில் பாதிப்பேர் அவர் கால்மேல் படுத்துக் குளித்தவர்கள், என் கணவரும்தான். நான்காம் நாள் காலையில் வந்தார். வெற்றிலை போட்ட வாய், நகக்கண்ணில் கருப்பு. இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து குழந்தையை அதில் கிடத்தினார். கை பொறுக்காத சூட்டில் வெந்நீர். மூக்கில் வாயை வைத்து ஊதிச் சளி எடுத்தார். அவர் உதட்டின் வெற்றிலைச் சிவப்பு குழந்தையின் மூக்கு நுனியில் ஒட்டிக்கொண்டது.

பிறகு, "கால அமுக்கிப் பிடி தாயி" என்றார்.

பிறந்த குழந்தைகளுக்குச் சில நாள் மார் லேசாக வீங்கியிருக்கும். தாயின் உடம்பிலிருந்து போனது. விட்டுவிட்டால் தானாக வற்றிவிடும். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம் ஆத்தா சொன்னதுதான்.

"பொம்பளப் புள்ளைக்கு மாருல கெட்ட பாலு நிக்கும். இப்ப எடுக்கலன்னா பெரிய மனுசியானப்பறம் கட்டிக்கிட்டு நிக்கும்."

இரண்டு விரலால் பிதுக்கினார். குழந்தை கதறியது. நான் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத பாதங்கள். வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது. "பாத்தியா" என்று அத்தையிடம் காட்டினார் ஆத்தா. அத்தை திருப்தியாகத் தலையாட்டினார். மறுநாளும் பிதுக்கினார். அதற்கு அடுத்த நாளும். மூன்று நாளும் காலைப் பிடித்தவள் நான்.

ஏழாம் நாள் இடது பக்கம் சிவந்து, தொட்டால் கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாக இருந்தது. அத்தை மஞ்சளை அரைத்துப் பத்துப் போட்டார். எட்டாம் நாள் குழந்தை சரியாகப் பால் இழுக்கவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம், என் மடியில் கிடந்தபோது அவளுடைய வலது கை மட்டும் துடித்தது. தூக்கத்தில் விதிர்க்கிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். பிடித்த பிறகும் உள்ளங்கைக்குள் அது விட்டு விட்டுத் துடித்தது, ஒரே சீராக. உதடு நீலமாக மாறியது.

அத்தையைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் திருநீறு எடுக்கப் போனார்.

"தோசம் பட்டிருச்சு. நேத்து அந்தப் பக்கத்து வீட்டுப் பொம்பள வந்து பாத்துட்டுப் போனாள்ல, அவ கண்ணு. மந்திரிச்சுக் கயிறு கட்டுனா சரியாப்போகும். ஏலே, போய் மந்திரிக்கிறவரக் கூட்டியாடா" என்று என் கணவரிடம் சொன்னார்.

அவரும் சட்டையை மாட்டினார். முப்பது வயது ஆள், தோட்டத்துக்கு மருந்து எத்தனை மில்லி கலக்க வேண்டும் என்று பாட்டிலைப் படித்துப் படித்துக் கலக்குபவர், மந்திரிப்பவரைக் கூப்பிட வண்டிச் சாவியை எடுத்தார். அந்த நிமிடத்தில் அவர்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. அவருக்கும் அது தெரியும்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். வர்றதுன்னா வாங்க" என்றேன்.

"தீட்டோட வெளிய எறங்குவியா?" என்றார் அத்தை.

துண்டில் சுற்றிய குழந்தையோடு செருப்பில்லாமல் இறங்கினேன். எத்தனையோ மாதம் கழித்துப் பட்ட வெயிலில் எனக்குக் கண்ணே தெரியவில்லை. தெருமுனையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்று நின்றது. டிரைவர் என் முகத்தைப் பார்த்ததும் கதவைத் திறந்தார். என் கணவர் ஓடிவந்து ஏறினார், பின்னாலேயே அத்தையும். கம்பத்தில் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில், "நிக்காதீங்க, நேரா தேனிக்குப் போங்க" என்று, குளுக்கோஸ்கூட ஏற்றாமல் அனுப்பிவிட்டார்கள். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வழியெல்லாம் அத்தை வாய்க்குள் சாமி பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு இன்னும் இரண்டு முறை வலிப்பு வெட்டியது.

தேனியில் குழந்தைகளுக்கென்று இருந்த ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி. குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து, சர்க்கரை சரியாக இருக்கிறது என்று பார்த்தார். மற்றதுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினார். பிறகு துண்டை விலக்கினார். மஞ்சள் பத்து காய்ந்து வெடித்திருந்தது. நர்ஸ் ஈரப் பஞ்சால் அதைத் துடைத்ததும், கீழே பளபளவென்று ஊதா நிறத்தில் வீக்கம் தெரிந்தது.

"யாரு பிதுக்குனது?" என்றார் டாக்டர்.

"யாரும் தொடல டாக்டரம்மா. தானா வந்துச்சு" என்றார் அத்தை. என் கணவர் சுவரைப் பார்த்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை சாகக் கிடக்கிறது, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் என்னை மட்டும் பார்த்து, "கிருமி எந்த வழியா உள்ள போச்சுன்னு தெரிஞ்சா நான் மருந்தச் சரியா ஆரம்பிப்பேன். அதுக்குத்தான் கேக்குறேன். திட்டுறதுக்கு இல்ல" என்றார்.

"குளிப்பாட்டுறவங்க பிதுக்குனாங்க. மூணு நாள். நான்தான் கால அமுக்கிப் பிடிச்சிருந்தேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார்.

ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து மிகவும் குறைவு என்று முடிவு வந்தது. வலிப்பு அதனால்தான். ஊசி மருந்தைத் தண்ணீராக்கி, குழந்தையின் நரம்பில் அவரே ஏற்றினார். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும் என்பதால், ஒரு கையால் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டே, சொட்டுச் சொட்டாக. பத்து நிமிடம் ஆனது. ஊசி முடியும் முன்பே கையின் துடிப்பு அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. அழவேண்டும் என்று தோன்றியது, அழுகை வரவில்லை.

மாலையில் மாரைக் கீறிச் சீழை எடுத்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது. ஒன்பது நாள் குழந்தையின் உடம்பிலிருந்து அப்படி ஒரு நாற்றம் வரும் என்று நான் நினைத்ததில்லை. கிருமி ரத்தத்திலும் இறங்கியிருந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள், மூளைக்குப் போகவில்லை. பதினான்கு நாள் ஊசி போட வேண்டும், முதல் மூன்று நாளுக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

என் ரத்தத்தையும் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். அதன் முடிவு வர ஐந்து நாள் ஆனது. டாக்டர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை உட்கார வைத்தார்.

"உங்க உடம்புல வைட்டமின் டி கிட்டத்தட்ட இல்லவே இல்ல. உங்ககிட்ட இருந்தாத்தான் வயித்துல இருக்கிற புள்ளைக்குப் போகும். அது இல்லாம சுண்ணாம்புச்சத்து உடம்புல ஒட்டாது. இடுப்பு வலிச்சுச்சா?"

"வலிச்சது."

"எழுந்திருக்கச் சிரமப்பட்டீங்களா?"

"ஆமா."

"வீட்ட விட்டு வெளியவே வர்றதில்லையா?"

நான் சொன்னேன். ஜன்னல், நிழல்வலை, மாத்திரை, எல்லாவற்றையும். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"வருசம் பூரா வெயில் அடிக்கிற ஊரு இது. அந்த வெயிலு உடம்புல பட்டா இந்தச் சத்து தானா ஊறும். கருப்புத் தோலா இருந்தா மத்தவங்களவிட இன்னும் கூடுதலா வெயில் படணும். உங்களுக்கு அதிகமாத் தேவைப்பட்டத, உங்களுக்கு மட்டும் இல்லாமப் பண்ணியிருக்காங்க."

"கிருமியும் அதனாலதானா?" என்று கேட்டார் என் கணவர்.

"கிருமி போனது பிதுக்குனதால. இந்தச் சத்துக் குறைஞ்ச குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தியும் குறையும்னு சொல்றாங்க. உங்க குழந்தைக்கு அப்படித்தான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் அத்தை முணுமுணுத்தார். "எம்புட்டு நாசூக்கா உன்னையக் கருப்பின்னு சொல்லிட்டாக பாத்தியா." ஐந்து நிமிடம் டாக்டர் பேசியதில் அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

ஆனால் அதே அத்தை அந்த நாட்களில் ஒருவேளைதான் சாப்பிட்டார். வராந்தாவில் பேப்பரை விரித்துப் படுத்தார். குழந்தைக்குப் பால் பீய்ச்சும் கிண்ணத்தைச் சொன்னபடி கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். அவரை முழுசாக வெறுக்க முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் உறவுக்காரர்கள் பண்ணைப்புரத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். பிஸ்கட் பாக்கெட், ஹார்லிக்ஸ், ஆப்பிள். ஒவ்வொருவராகக் கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்தார்கள். தலையில் ஒரு பக்கம் மழித்து ஊசி ஏற்றியிருந்தது. மாரில் கட்டு. காலில் ஊசி மருந்து கசிந்து தோல் வெந்த இடம். என் கணவரின் சித்தி கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்துவிட்டு, என் அத்தையின் தோளைத் தட்டினார்.

"கவலப்படாதக்கா. புள்ள நல்லா வெளுப்பாத்தான் இருக்கா. உன் மகன் நெறம்."

அத்தை எழுந்து போய்ப் பார்த்தார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். ஆறு நாளில் முதல் முறையாக.

உள்ளே ஊசி போட வந்த நர்ஸ் சின்னப் பெண், கெங்குவார்பட்டிக்காரி. நின்று திரும்பிச் சொன்னாள். "அது நெறம் இல்லம்மா. ரத்தம் கொறஞ்சு வெளுத்திருக்கா. இன்னைக்கி ரத்தம் ஏத்தப் போறோம். ஏத்துனா பழைய நெறம் வந்துரும்."

சித்தி பிஸ்கட் பாக்கெட்டைப் பெஞ்சில் வைத்தார். நான் பின்பக்கம் போய், கைகழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். அன்று காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை; பித்தநீர்தான் வந்தது. இத்தனைக்கும் அந்தச் சித்தி, 'வெளுப்பு' என்று சொன்ன அந்த ஒரு நொடி எனக்கும் உள்ளே ஏதோ குளிர்ந்தது. வாந்தி அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பத்தாம் நாள் ஆத்தா வந்தார். யாரும் அழைக்கவில்லை. யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தனியாக பஸ் ஏறி, தேனியில் வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தார். வராந்தாவில் என் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"எங்கைதானா தாயி?"

"ஆமா" என்றேன்.

"முப்பது வருசமாச் செய்றேன். எங்காத்தா செஞ்சத நான் செய்றேன். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்லையே."

அவர் சொன்னது உண்மைதான். முப்பது வருடத்தில் எத்தனை குழந்தைக்குக் கட்டி வந்ததோ, அதில் எத்தனை தோசம் என்று மந்திரித்துப் புதைக்கப்பட்டதோ, அவருக்கு யார் சொன்னார்கள்? மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தேன். நகக்கண்ணில் அதே கருப்பு. சொல்ல முடியவில்லை. ஆனாலும் எங்கள் எல்லாரிலும் தானே வந்து, என் கைதானா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். என் கணவர் கேட்கவில்லை. அத்தை இன்றுவரை கேட்கவில்லை.

டாக்டர் அந்தப் பக்கம் வந்தபோது, ஆத்தாவைக் காட்டி, "இவுகதான்" என்றேன். டாக்டர் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கண்ணாடி அருகே நிற்க வைத்து, அரைமணி நேரம் மெதுவாகப் பேசினார். பிதுக்கக் கூடாது, ஊதக் கூடாது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, நகத்தை வெட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவு. ஆத்தா ஒவ்வொன்றுக்கும், "சரிங்காத்தா" என்றார். திரும்பி வரும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தைக்குத் தினமும் சொட்டு மருந்து, எனக்கு வாரம் ஒரு பொட்டலம் பாலில் கலந்து குடிக்க. "மார் வளர்றதுக்கான முளை அந்த வயசுலயே உள்ள இருக்கும். இடது பக்கம் அது எவ்வளவு தப்பிச்சதுன்னு பெரியவளாகும்போதுதான் தெரியும்" என்று டாக்டர் கிளம்பும்போது சொன்னார். அதை அத்தைக்கும் கணவருக்கும் நான் சொல்லவில்லை. பதினோரு, பன்னிரண்டு வருடம் என்னிடம் மட்டுமே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நான் ஊருக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி காட்ட வேண்டியிருந்ததைக் காரணம் சொல்லி, தேனியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடிக்கச் சொன்னேன். என் கணவர் பிடித்தார். தோட்டத்துக்கு அங்கிருந்து போய்வந்தார். எட்டு வாரத்தில் என் இடுப்பு வலி குறைந்து, கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்தேன். ஒன்றே கால் வயதில் மகள் நடந்தாள். கால் வளையாமல் நேராக இருக்கிறதா என்று டாக்டர் பிடித்துப் பார்த்துவிட்டு, "போதும், இனி அடுத்த வருசம் வந்தாப் போதும்" என்றார்.

அவள் என் நிறம். ரத்தம் ஏற்றிய மூன்றாம் வாரமே தெரிந்துவிட்டது. அத்தை மாதம் ஒருமுறை திராட்சைக் கூடையோடு வந்து அவளைக் கொஞ்சிவிட்டுப் போவார். ஒரு தடவை குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கடலைமாவில் பாலேடு குழைத்து அவள் முகத்தில் தேய்க்கப் போனார். நான் கிண்ணத்தை வாங்கிக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

"என்னத்தா, மாவுதான?" என்றார் அத்தை.

"மாவுதான் அத்தை" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் துவட்டினேன்.